மேற்கே பிடித்த மீன்

அத்தியாயம் பதினேழு

வியாழக்கிழமை இரவு ட்ரெஸா சமையலறை மேசைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்துவிட்டு, "இதைப் பத்தி அப்பா இல்லாதப்ப பேசணும்மா" என்று சொல்லிப் படுக்கப் போனாள். அவள் போன பிறகு மாவிஸ் அதை இரண்டு முறை கையில் எடுத்துப் பார்த்தாள். உள்ளே மருந்துத் தண்ணீரில் ஏதோ ஒரு குட்டிப் பிராணி மிதந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அது எப்படிப் பேச வேண்டிய விஷயமாகும் என்று அவளுக்குப் புரியவில்லை. 

வெள்ளிக்கிழமை விடிந்தது. அவள் கணவர் டெல்மர் ஐந்து மணிக்கே, டென்னசியிலிருந்து வந்த நான்கு பேரைப் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

சங்கரா மீன் பிடிக்க மாநிலம் அனுமதித்த பருவத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மாலையோடு மூடிவிடுவார்கள். இந்தக் கோடையில் தெற்குக் காற்று மூன்று வார இறுதிகளை, வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒன்பது நாளை, தின்றுவிட்டது. ஒரு படகும் போகவில்லை, விடுதி அறைகள் காலியாகக் கிடந்தன, மாவிஸின் கடையில் வாங்கி வைத்த தூண்டில் இரை கெட்டுப்போனது. நல்லவேளையாக இந்த வருடம் மாநிலம் ஒரு புது விதியைச் சோதித்துப் பார்க்கிறது. காற்றில் போன நாட்களை, கடலில் மீன் மிச்சமிருந்தால், அக்டோபரில் திருப்பிக் கொடுக்கலாம். மிச்சமிருக்கிறதா என்பதைப் படகுக்காரர்கள் அனுப்பும் கணக்கு சொல்லும். இன்று மூன்று மணிக்குத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மிஸ் ஓக்லி என்ற அதிகாரி ஊராரிடம் கருத்துக் கேட்க வருகிறார்.

அந்த ஒன்பது நாள் கிடைத்தால் கடை குளிர்காலத்தைத் தாண்டிவிடும். கிடைக்காவிட்டால் நவம்பரில் நன்றி செலுத்தும் திருநாளுக்கு முன்பே கடையை மூடிக் கதவில் பலகை அறைய வேண்டியதுதான்.

ட்ரெஸா ஈரத் தலையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

"இறால் குஞ்சு மாதிரி இருக்கு."

"சேத்து இறால். வளை தோண்டி வாழறது. போன சனிக்கிழமை அப்பா கொண்டுவந்த சங்கராவோட வயித்துல இருந்து எடுத்தேன். இது ஒண்ணு இல்ல, பதினொண்ணு எடுத்தேன்."

ட்ரெஸாவுக்கு மாநில மீன்வளத் துறையில் வேலை. படகுத்துறைகளுக்குப் போய், வந்து இறங்கும் மீனை அளந்து, நிறுத்து, வயிற்றைக் கிழித்துப் பார்த்து எழுதுவாள். மீன் நாற்றத்தோடு வீடு திரும்புவதில் அப்பாவுக்கும் மகளுக்கும் வித்தியாசம் கிடையாது.

"அதுக்கென்ன இப்ப? மீன் பசிச்சா தின்னும்."

"அன்னிக்கு நீ அனுப்பின கணக்குல 'கிழக்கு'ன்னு இருக்கும்மா. கிழக்க கடல்தரை பூரா வெள்ளை மணல். ஆறு வந்து விழற மேற்கிலதான் சேறு."

மாவிஸ் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

"உங்கப்பா ரேடியோல கிழக்குன்னுதான் சொன்னாரு."

"அப்பா எப்பவும் கிழக்குன்னுதான் சொல்வாரு. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். என் ஆபீசுக்குத் தெரியாது."

அவர்கள் ஊரான ஹெரன் பாயிண்டில் எந்த ஆணும் தான் மீன் பிடிக்கும் இடத்தைச் சொன்னதில்லை. ஒவ்வொருவரும் அனுமதி வாங்கி, சொந்தக் காசில், பழைய கோழிக்கூண்டுகளையும் சிமெண்டுக் குழாய்களையும் கடலில் இறக்கித் தனக்கென்று மீன் தங்கும் 'பார்' என்ற திட்டுகளை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றின் இடத்தைக் காட்டும் எண்களை 'நம்பர்' என்பார்கள். கேட்டால் வண்டியைக் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரியில் உங்களோடு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள், நம்பரை மட்டும் கொடுக்க மாட்டார்கள். ரேடியோவில் யார் பேசினாலும் ஊரே கேட்கும். அதனால் டெல்மர் முப்பத்தொரு வருடமாக மேற்கே நின்றுகொண்டு கிழக்கு என்கிறார்.

படகு துறையைத் தொடுமுன் மீன் கணக்கு மாநிலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விதி வந்தபோது, ஈரக் கையோடு போனைத் தொட அவர் மறுத்துவிட்டார். ரேடியோவில் சொல்வார், கடையிலிருந்து மாவிஸ் போனில் அனுப்புவாள். முதல் நாள் கடை நிறைய ஆள். கேட்டதைக் கேட்டபடி போட்டுவிட்டாள். இரண்டாவது தடவை மேற்கு என்று மாற்ற நினைத்தாள்; மாற்றினால் முதலாவது பொய்யாகிவிடுமே என்று விட்டாள். மூன்றாவது தடவை விரலே வழி கண்டுபிடித்துப் போனது.

அவளுக்கு அதில் ஒரு ரகசியச் சந்தோஷம்கூட இருந்தது. அதை இப்போது, மகளின் எதிரில், முதன்முதலாக ஒப்புக்கொண்டாள். ரேடியோவில் அந்தக் குரல் 'கிழக்கு' என்று சொல்லும்போது உலகத்திலேயே ஒருத்திக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். கல்யாணம் என்பது அந்த ஒருத்தியாக இருப்பதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். டெல்மர் மற்ற படகுகளிடம் பொய் சொன்னார். அவள் யாரிடம் சொன்னாள்?

"ஓக்லி மேடம் என்ன நெனைக்கிறாங்க தெரியுமா?" என்றாள் ட்ரெஸா. "கிழக்க மீனை வழிச்சு எடுத்துட்டாங்க, மேற்கில மீனே இல்லன்னு. அதனால நாளைத் திருப்பித் தர மாட்டாங்க. இந்தக் குப்பியை நான் அவங்க மேசைல வைக்கணும்மா. அது என் வேலை. வெச்சா, மகளே அப்பனைக் காட்டிக் குடுத்துட்டான்னு ஆகும்."

"எப்ப வைப்ப?"

"திங்கக்கிழமை." அவள் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "அதுக்குள்ள யாராவது தானா சொல்லிட்டா..."

மாவிஸ் எழுந்து கோப்பையைக் கழுவப் போனாள். 

பதினொன்றே காலுக்குக் கடை ரேடியோ கரகரத்தது. டெல்மர்.

"மாவிஸ், வந்துக்கிட்டிருக்கோம். சங்கரா எட்டு. கிழக்கு."

இன்னொரு குரல் உடனே குறுக்கே புகுந்தது. ஸ்கீட், இரண்டு துறை தள்ளிப் படகு வைத்திருக்கிறவன். "கிழக்கயா கேப்டன்? நானும் கிழக்கதான் நிக்கிறேன். உன்னைக் காணோமே!"

"நல்ல கண்ணாடி வாங்கிப் போடு ஸ்கீட்."

"கையை ஆட்டு பாப்போம்."

"ஆட்டிட்டேன். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது, தெரிஞ்சுது. அழகா இருக்க."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். இரண்டு படகும் மேற்கே, ஒன்றை ஒன்று பார்க்கும் தூரத்தில் நிற்கின்றன என்று மாவிஸுக்குத் தெரிந்தது. போனைத் திறந்தாள். எட்டு. இடம்? கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

"அனுப்பியாச்சா மாவிஸ்? இன்னும் கொஞ்ச நேரத்துல துறைக்கு வந்துடுவோம்."

கிழக்கு என்று அழுத்தி அனுப்பிவிட்டாள்.

ஆக, எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு தடவை.

பன்னிரண்டு மணிக்கு, டெல்மர் படகில் போய் வந்த நால்வரில் ஒருவரான ஸ்பைவி கடைக்குள் வந்து, வேகவைத்த வேர்க்கடலையைக் காகிதக் கோப்பையில் அள்ளிக்கொண்டார். டென்னசியில் டயர் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாக வருகிறார்.

"மிஸ் வெர்னா... ஐயோ, மிஸ் மாவிஸ்! என் தங்கச்சி பேரைச் சொல்லிட்டேன் பாருங்க."

"தங்கச்சின்னா தள்ளுபடி கிடையாது, மிஸ்டர் ஸ்பைவி."

"மூணு மணிக் கூட்டத்துல நானும் பேசறேன். என் மனைவி லோர்னாவும் வர்றா. தலைமுடி செஞ்சுக்கிட்டு வருவா, கொஞ்சம் லேட்டாகும்."

"நீங்க மத்தியானமே கிளம்பணும்னீங்களே? ஏழு மணி நேரம் ஓட்டணுமே?"

"அதுக்காக? எங்களுக்குப் போக வேற ஊர் இல்ல." அவர் கடலைத் தோலை ஜாக்கிரதையாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாவிஸ் கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் ஊருக்காகப் பேச வெளியூர்க்காரர் ஒரு நாள் தங்குகிறார். அவளோ ஒரு சொல்லைச் சரியாக அழுத்த முடியாதவள்.

மூன்று மணிக்குத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் உட்கார இடமில்லை. வாசலில் சர்ச்சுப் பெண்கள் எலுமிச்சை கேக் விற்றார்கள். மிஸ் ஓக்லி சேறு படிந்த பூட்சோடு, ஊர் ஊராகக் கூட்டம் நடத்திக் களைத்த முகத்தோடு நின்றார். அவரைத் திட்டுவதற்கென்றே வந்தவர்கள்கூட அந்த முகத்தைப் பார்த்ததும் கேக்கை நீட்டினார்கள்.

ஸ்பைவி எழுந்தார்.

"மேடம், நான் இங்க ஓட்டு இல்லாதவன். ஆனா ஐஸ் கட்டி இங்கதான் வாங்கறேன். பெட்ரோல், ரூம், கேப்டனுக்குக் கூலி, எல்லாம் இங்க. என் மனைவி இங்கதான் முடி செஞ்சுக்கறா. எங்க வீட்டுக்கு வர்ற ஒரு சங்கரா துண்டோட விலையை அவ கணக்குப் போட்டுப் பார்த்தா. தங்கம் வாங்கியிருக்கலாம்னா."

கூடம் சிரித்தது.

"ஆனாலும் வர்றோம். காத்து அடிக்கறப்ப வேண்டாம், நல்லா இருக்கறப்ப வாங்கன்னு சொன்னா அப்பவும் வருவோம். மீன் மிச்சம் இருந்தா நாளைக் கொஞ்சம் நகர்த்திக் குடுங்க, அவ்வளவுதான். நாங்க ரிடையர் ஆனவங்க. எங்களுக்கு என்ன, எந்த நாளும் ஒண்ணுதான்."

மாவிஸ் நன்றியோடு அவர் முதுகையே பார்த்தாள். பொருளாதாரப் பயன் என்று அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அது இந்த மனிதர்தான். வருடம் தவறாமல் வந்து, ஐஸ்காரனையும் முடி செய்கிறவளையும் விடுதியில் விரிப்பு மாற்றுகிறவளையும் அவரை அறியாமலே தாங்கிக்கொண்டிருக்கிறார்.

நாட்களை நகர்த்துவது பற்றி அவளுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருந்தது. முன்பு ஒரு வருடம் பருவம் மொத்தத்துக்குமே ஒன்பது நாள்தான் கொடுத்தார்கள்; காற்றோ மழையோ, அந்த ஒன்பதுதான். விட்டால் அடுத்த வருடம். டெல்மரின் தம்பி ஃபெர்ரிஸ் ஆளுயர அலையில் போனான். படகு கவிழ்ந்து பதினான்கு மணி நேரம் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்து மிதந்தான். உயிரோடு வந்தான், ஆனால் இப்போது கடலுக்கு இருநூறு மைல் தள்ளிக் குடியிருக்கிறான். போகாமல் இருக்கலாம், நாள் வீணாகாது என்று சொல்லும் ஒரு விதிக்காக அவள் யார் காலிலும் விழுவாள்.

"நீங்க சொல்றதை நம்பறேன்," என்றார் மிஸ் ஓக்லி. சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டினார். "ஆனா நீங்களே அனுப்பின கணக்கு இது."

வரைபடத்தின் கிழக்குப் பக்கம் முழுவதும் சிவப்புப் புள்ளிகள், அம்மை போட்டதுபோல். மேற்குப் பக்கம் வெறும் காகிதம்.

"கிழக்க தாங்காத அளவுக்குப் பிடிச்சாச்சு. மேற்கில ஒரு மீன்கூட இல்ல. இந்தத் தாளை வெச்சுக்கிட்டு நான் மேல போய் ஒன்பது நாள் கேட்க முடியாது. கேட்டா என்னையும் அனுப்பிடுவாங்க, இந்தப் புது விதியையும் எடுத்துடுவாங்க."

நூறு பேர் அந்த வெற்று மேற்கைப் பார்த்தார்கள். பிறகு நூறு பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அந்த மௌனத்தை மாவிஸ் நன்றாக அறிவாள். அவள் வீட்டில் தினமும் சாப்பாட்டு மேசையில் உட்காருகிற மௌனம்தான் அது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் சொல்லப் போவதில்லை.

சுவரோரம் ட்ரெஸா நின்றிருந்தாள். கை சட்டைப் பைமேல் இருந்தது. அம்மாவை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது மாவிஸுக்குத் தெரிந்தது.

எழுந்தபோது முழங்கால் நாற்காலியில் இடித்தது.

"நான் மாவிஸ் லாட்னியர். இரைக் கடை. என் வீட்டுக்காரர் படகுக் கணக்கை அனுப்பறவ நான்தான்." குரல் யாருடையதோ போல் இருந்தது. "நான் கிழக்குன்னு போட்டது எல்லாமே மேற்கு, மேடம். இன்னிக்குக் காலைல போட்டதும்."

யாரோ இருமினார்கள். பக்கத்தில் டெல்மர் தொப்பியை மடியில் வைத்திருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தெரிஞ்சேவா போட்டீங்க?"

"முதல் தடவை அவசரத்துல. மத்ததெல்லாம் தெரிஞ்சு."

"தப்புக் கணக்குக்குப் படகோட உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். தெரியுமில்லையா?"

"தெரியும் மேடம்."

உட்காரலாமா, நிற்க வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது.

"மேடம்," என்றான் ஸ்கீட். காது சிவந்திருந்தது. "என்னோட கிழக்கும் கொஞ்சம் மேற்குதான்."

"கொஞ்சம்னா?"

"பூரா."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர் எழுந்தார், தன் கிழக்கும் அப்படியே என்றார். அப்புறம் ஒருவர், அப்புறம் மூன்று பேர் சேர்ந்து. எழுபது வயது கேப்டன் ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்து கோபமாகச் சொன்னார்: "நான் நிஜமாவே கிழக்கதான் பிடிச்சேன்! முப்பது வருஷமா உள்ளதைச் சொல்லிக்கிட்டிருக்கேன், ஒரு பய நம்பல!"

மிஸ் ஓக்லி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். தானும் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தாரோ என்று மாவிஸுக்குத் தோன்றியது.

"சரி. ஆனா வாயால சொன்னா போதாது. வாயால சொன்னதுதான் இந்தப் படம். மேற்கில தனக்கு இருக்கற ஒரு பாருக்கு யாராவது எங்க ஆட்களைக் கூட்டிட்டுப் போகணும். கேமராவை இறக்கி மீனை எண்ணணும். எண்ணி முடிச்சாத்தான் நான் நாள் கேட்க முடியும். அந்த இடத்தோட நம்பர் பொதுப் பதிவுல வரும். அதை நான் மறைக்க முடியாது."

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. தப்பை ஒப்புக்கொள்வது வேறு, நம்பரைக் கொடுப்பது வேறு. 

மாவிஸுக்கு எல்லா நம்பரும் மனப்பாடம். ஆனால் அவை அவளுடையவை அல்ல. பொய்யை மட்டும்தான் அவளால் கொடுக்க முடிந்தது, அது அவளுடையது. இதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை.

பக்கத்தில் டெல்மர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே போய்விடப் போகிறார் என்றே நினைத்தாள்.

"என்கிட்ட ஒரு இடம் இருக்கு," என்றார். "நாப்பது கோழிக்கூண்டு போட்டது. செவ்வாய்க்கிழமை வேணும்னா கூட்டிட்டுப் போறேன்."

மேற்கே அவருக்குப் பதினேழு பார் இருந்தன. இரண்டு குழாய் மட்டும் கிடக்கிற இடமும் உண்டு. புயலில் பாதி புதைந்துபோனதும் உண்டு. அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நாற்பது கூண்டு என்றால் அது அவருடைய மிகச் சிறந்த பார் என்று தெரிந்தவள் ஒருத்திதான். 

ஸ்கீட் தன் தொப்பியைக் கழற்றினான். அவன் கழற்றியதைப் பார்த்து இன்னும் சிலர் கழற்றினார்கள்.

கூட்டம் முடிந்து இருவரும் வண்டியில் ஏறினார்கள். ட்ரெஸா ஓடிவந்து மாவிஸ் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஓக்லி மேடம் உங்க ரெண்டு பேரையும் திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வரச் சொன்னாங்க. உரிமத்தை எடுத்துக்கிட்டு."

"எதுக்காம்?"

"கேட்டேன். சொல்லல." இறக்கிய கண்ணாடி வழியாகக் கையை உள்ளே விட்டு அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். "நான் அந்தக் குப்பியைக் குடுத்துட்டேம்மா. நீ சொன்னதுக்கு அது சாட்சி." பிறகு அப்பாவைப் பார்த்து வண்டிக் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

டெல்மர் சாவியைத் திருகாமல் வைத்திருந்தார்.

"சின்னதா ஒண்ணைச் சொல்லியிருக்கலாமே," என்றாள் மாவிஸ்.

"எண்ண வர்றவங்களுக்கு மீன் இருக்கற இடத்தைத்தானே காட்டணும்." அவர் முன்கண்ணாடி வழியாகவே பேசினார். "அந்தக் கணக்குல இருந்தது என் வார்த்தை. எழுந்து நின்னது நீ. எனக்குக் கோபம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஸ்கீட் எழுந்திரிக்கற வரைக்கும் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் உன் முழங்காலைப் பார்த்தேன். நடுங்கிக்கிட்டிருந்துச்சு. நடுங்கிக்கிட்டே நின்ன."

 வேண்டிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு. நன்றி சொல்வதற்குத்தான் எப்போதும் வார்த்தை வராது. அவர் கை மேல் தன் கையை வைத்தாள். தூண்டில் நரம்பு அறுத்த பழைய தழும்புகள் உள்ளங்கையில் தட்டுப்பட்டன.

"நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் அது இன்னும் நம்ம இடம்தான்," என்றார். "செவ்வாய்க்கப்புறம் ஊருக்கே. நாளைக்கு நீயும் வா."

"நானா? கடை?"

"லோர்னா ஸ்பைவி பாத்துப்பா. முடியெல்லாம் செஞ்சுக்கிட்டு எங்க போகப் போறா?"

மாவிஸுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வருடமாக அந்த இடத்தை எண்களாக மட்டுமே அறிந்தவள். ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"அங்க போனா பாக்க என்ன இருக்கும்?"

டெல்மர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "மேலேருந்து பாத்தா வெறும் தண்ணிதான்."

"வரேன்," என்றாள்.